நல்ல கிருமிகளும் பெண் வீட்டுக் காப்பியும்

என் ஒரே மகனின் கல்யாணத்தை நானே நிறுத்தப் பார்த்தேன். பெண்ணைப் பிடிக்காமல் இல்லை. ஜாதகமும் பொருந்தியிருந்தது. என் வாய்க்குள் குடியிருந்த கிருமிகளின் உயிரைக் காப்பாற்றத்தான்.

நான் வேளாண்மைப் பட்டதாரி. கேரள அரசின் வேளாண்மை அலுவலகமான கிருஷி பவனில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். முதலமடை மாந்தோப்புக்காரர்களிடம் காலமெல்லாம் ஒன்றையே ஓதி வந்தேன்: வேரில் நல்ல நுண்ணுயிரை விட்டால், அதன் தலையில் ரசாயன மருந்தை ஊற்றாதீர்கள். மீறியவர்களைத் தோப்பிலேயே நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. வாய் நாற்றமும் இருந்ததாம் (இது என் மனைவி சரோஜாவின் தரப்பு). பல் டாக்டர் ஈறைச் சுத்தம் செய்துவிட்டு, புரோபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"கெட்ட கிருமி இருக்கற எடத்த நல்ல கிருமி புடிச்சுக்குமுங்க. ராத்திரி பல்லு வெளக்கிட்டு ஒண்ண வாயில போட்டுச் சப்புங்க. அப்பறம் கொஞ்ச நேரம் எதையும் குடிக்க வேண்டாம்."

பல் துலக்குவதற்கு இது ஒரு துணைதான், மாற்று அல்ல என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை. எனக்குத் தெரியாத நுண்ணுயிரா!

வீட்டுக்கு வந்ததும் பற்பசையைத் தூக்கி எறிந்தேன். அதுவும் ஒருவகைப் பூச்சிமருந்துதானே? வெந்நீரில் கொப்பளிப்பதையும் விட்டேன். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல், சொன்னதைவிட அதிகமாகவே சப்பினேன்.

"ஏனுங்க, பல்லு வெளக்குனீங்களா?" என்றாள் சரோஜா.

"உள்ள உயிர் இருக்குது, சரோஜா."

"எலி செத்துக் கெடக்கற மாதிரி வாசம் வருதுங்க!"

அந்த வாரத்தில்தான் கொழிஞ்சாம்பாறைக்குப் பெண் பார்க்கப் போனோம். மகன் பிரபுவுக்கு முப்பத்தைந்து வயது. வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. இந்த வித்யாவோடு போனில் பேசத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் அவன் பாடுவதையே கேட்டோம். கார் அவர்கள் வாசலில் திரும்பும்போது எனக்கு அந்த எலி நினைவுக்கு வந்தது. அவசரமாக இரண்டு மாத்திரைகளை வாயில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பிடிக்கவில்லையென்றால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். வாய்விட்டு மறுக்கத் தேவையில்லை. காப்பியைத் தொடாமல் எழுந்தாலே போதும். கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த இது, அன்று எனக்கு மறந்து போயிற்று.

வித்யா காப்பித் தட்டோடு வந்தாள். டம்ளர்களில் ஆவி பறந்தது. என் கண்ணுக்கு அது மாமரத்து வேரில் கொட்ட வந்த கொதிநீராகத் தெரிந்தது. உதட்டை இறுக மூடி, உள்ளங்கையைக் காட்டித் தலையை ஆட்டினேன்.

கூடத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சக்கரை கம்மியாத்தானுங்க போட்டிருக்குது, எடுத்துக்குங்க," என்றார் பெண்ணின் அப்பா பழனிச்சாமி.

இன்னும் பலமாகத் தலையாட்டினேன். சரோஜா என் காலை மிதித்தாள். பிரபுவின் முகம் வெளுத்துவிட்டது. வித்யா தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். போகும்போது முந்தானை கண்ணுக்குப் போனது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பழனிச்சாமி எழுந்தார். "செரிங்க. எங்க ஊட்டுத் தண்ணி உங்களுக்கு எறங்காதுன்னா நாங்க என்னங்க பண்றது?"

அப்போதுதான் உறைத்தது. துள்ளி எழுந்து வாயைத் திறந்தேன். "ஐயோ, அதில்லீங்க! வாயில கிருமி இருக்குதுங்க!"

திறந்த வேகத்தில் ஒரு மாத்திரை பறந்து போய் அவருடைய வெள்ளை வேட்டியில் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரமாகத் துலக்காத வாயின் காற்றும் கூடவே போயிருக்க வேண்டும். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"கிருமியா? ஒட்டுவாரொட்டிங்களா?"

"நல்ல கிருமிங்க! உயிரோட இருக்குது. சூடு பட்டாச் செத்துப்போயிரும்!"

அவர் சரோஜாவிடம் தணிந்த குரலில் கேட்டார்: "எத்தன நாளாம்மா இவருக்கு இப்புடி இருக்குது?"

"பல்லு வெளக்கறத நிறுத்துன நாள்லேர்ந்துங்க," என்றாள் சரோஜா.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கண்ணீர் காயாத முகத்தோடு வித்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப என்னைய வேண்டாம்னு சொல்லலீங்களா, மாமா?"

"உன்னையவா? கண்ணு, இத பாரு!" என்று சொல்லி ஒரு டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு வெந்தது. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதென்று பிரபுவின் காப்பியையும் குடித்தேன். பழனிச்சாமிக்கு வைத்திருந்ததையும் விடவில்லை. நல்ல கிருமிகள் வம்சத்தோடு அழிந்தன.

பிறகு பல் டாக்டரிடம் போனபோது அவர் என் வாயைப் பார்த்துவிட்டு, போட்டிருந்த முகக்கவசத்தின் மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டார். களை எடுக்காத வயலில் நாற்று நட்டிருக்கிறேன் என்று நானே ஒப்புக்கொண்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் இன்றும் நான் கொழிஞ்சாம்பாறைக்குப் போனால் உடனே காப்பி வருவதில்லை. பழனிச்சாமி என்னை வெளிச்சம் பார்த்து நிறுத்துகிறார். "வாயத் தொறங்க, சம்பந்தி" என்று சொல்லி, சந்தையில் மாடு பிடிக்கிறவர் மாதிரி தாடையைத் தூக்கிப் பிடித்து, செல்போன் விளக்கை உள்ளே அடித்துப் பார்க்கிறார். பிறகுதான் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறார்:

"அம்மிணி, காப்பி ஊத்து! உள்ள யாருமில்ல!"