பெட்டிக்கு நான் கற்றுக்கொடுத்த பாடம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள். நானும் நலம் என்று எழுதத்தான் முடியவில்லை. போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள். கம்பி வழியாக வரும் எதையும் இப்போது நான் நம்புவதில்லை.

எங்கள் நீரேற்று நிலையத்தில் நீங்கள் வைத்துவிட்டுப் போன பெட்டியைப் பற்றித்தான். தொட்டிகளில் உள்ள மானிகள் அனுப்பும் அளவைப் பார்த்து, எது அசல், எது அசலின் பேரைச் சொல்லி நுழையும் போலி என்று, தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் இங்கேயே கண்டுபிடிக்கும் என்றீர்கள். "சரியா சொன்னா பச்சைப் பொத்தான், தப்பா சொன்னா சிவப்பு. பாராட்டையும் திட்டையும் வச்சே அது கத்துக்கும் மாமா" என்றீர்கள். நானும் எல்லாம் புரிந்தவன் போலத் தலையாட்டினேன். ஆனால் போலி என்று பட்டால் அது சங்கு ஊதுகிறது. ஊதினால் எனக்கு உயிரே போய்விடுகிறது. சிவப்பை அமுக்கினால் அடங்குகிறதே என்று ஒவ்வொரு தடவையும் சிவப்பையே அமுக்கினேன், அது வாயை மூடிக்கொண்டிருந்த நாளெல்லாம் நன்றியோடு பச்சையை அமுக்கினேன், ஒரே மாதத்தில் பெட்டி பரம சாதுவாகிவிட்டது. "என்ன சார், உங்க பெட்டி ஊமையாயிடுச்சா?" என்று காவலாளி கேட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்றுக் காலை குளோரின் மானி, "குறைவு, குறைவு" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இயந்திரமும் குளோரினைக் கொட்டிக்கொண்டே இருந்தது. பெட்டி மூச்சு விடவில்லை. மூக்கு எரிந்த பிறகுதான் ஓடிப்போய்ப் பார்த்தேன்: அசல் மானியின் கம்பி கழன்று தொங்குகிறது, இத்தனை நேரம் பேசியது வேறு எவனோ! கையாலேயே வால்வை மூடி, தொட்டியை வடித்துவிட்டேன். அந்தத் தண்ணீர் ஊருக்குள் போயிருந்தால், பள்ளிக்கூடக் குழாயில் பிள்ளைகள் குடித்திருந்தால் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. உடனே புறப்பட்டு வந்து, நான் கற்றுக்கொடுத்ததையெல்லாம் அதற்கு மறக்கடியுங்கள். மகளிடம் சொல்ல வேண்டாம், அப்பா மேல் அவளுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது.

இருவரும் நோய்நொடியில்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
மாமனார்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் நீங்கள் அனுப்பிய பொறியாளர் வந்துவிட்டார். சிரித்த முகம், "மாமா" என்றே கூப்பிட்டார். தன் மடிக்கணினியைப் பெட்டியில் செருகினார். சங்கு ஊதவே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடிதம் போய்ச் சேருவதற்கு முன்பே ஆள் அனுப்பிய உங்கள் அக்கறையை என்னவென்று சொல்ல! அறைச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.