துக்கம் அக்கா புருவத்தைத் தூக்கிய கதை

செங்கல்பட்டுத் தாலுகாவில் விழுந்த எழவுகளில் பாதிக்குத் துக்கம் அக்கா போயிருப்பார். மீதிப் பாதிக்குப் பஸ் கிடைத்திருக்காது.

எங்கள் ஆபீஸில் தபால் பிரிவுக்கு அவர்தான் சீனியர். நான் அடுத்த மேஜை. கடவுள் அவரைப் படைத்துக்கொண்டிருந்தபோது யாரோ செத்த சேதி வந்திருக்க வேண்டும். புருவம் இரண்டும் வெளிப்பக்கம் சரிந்து இமைமேல் வந்து உட்கார்ந்திருக்கும். இன்கிரிமென்ட் வந்த சந்தோஷத்தில் லட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், "ஐயோ, யாருக்கு இன்னாச்சுக்கா?" என்று பதறி எழுந்து நிற்போம்.

"எவனுக்கும் ஒண்ணும் ஆவல. லட்டு துன்னுங்கடி, மூதேவிங்களா!" என்பார். வாயைத் திறந்தால் ஊரையே சிரிக்க வைக்கிற மனுஷி. வாய்க்கும் முகத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

ஆபீஸில் யார் வீட்டில் சாவு என்றாலும் வேன் பிடிப்போம். அக்காவைத்தான் முதலில் இறக்குவோம். அந்த முகத்தைப் பார்த்ததும் வீட்டுப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு கதறுவார்கள். பின்னால் நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், துக்கம் விசாரித்த கணக்கில் வந்துவிடும். எங்கள் எல்லோருடைய சோகத்தையும் சேர்த்து ஒரே முகத்தில் சுமந்தார் அவர். அதே அக்கா கல்யாணத்துக்கு வந்தால் மட்டும், "நல்ல காரியத்துல எதிர்ல அந்த மூஞ்சி இன்னாத்துக்கு?" என்று முணுமுணுப்பார்கள். அதை அவர் காதில் விழும்படியே சொன்னவர்களும் உண்டு.

பிள்ளை இல்லாத அக்காவுக்குத் தங்கச்சி மகள்தான் உயிர். அவள் நிச்சயதார்த்தத்தில் தங்கச்சியே, "நீ சமையக்கட்ட பாத்துக்கோக்கா. சீர் தட்டு எடுக்க ஆளு கீறாங்க" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அக்கா மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் சொன்னார்: "கல்யாணத்துல மொத தட்டு என் கையில இருக்கணும்டி. அதுக்கு இன்னா பண்ணணுமோ பண்ணப்போறேன்."

வழி காட்டியது அவர் வீட்டுக்காரர். எங்களுக்கெல்லாம் மாமா. மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். தலையில் கட்டோடு ஓய்வெடுக்க வந்து தங்கிய மெட்ராஸ் அம்மாள் ஒருவர், அடுத்த முறை வந்தபோது கல்லூரி மாணவி மாதிரி இறங்கினாராம். நெற்றித் தோலை இழுத்துப் புருவத்தைத் தூக்கித் தைத்துவிட்டார்களாம். அதை வீட்டில் வந்து சொன்னதுதான் மாமா செய்த தப்பு.

டாக்டர் நல்லவர், ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தக் காட்சியை அக்கா எனக்கு நடித்தே காட்டினார். "ரத்தம் கட்டலாம். தையல் போட்ட இடத்துல முடி கொட்டலாம். நெத்தி மரத்துப் போகலாம். ஒரு புருவம் ஏறி ஒண்ணு இறங்கி நிக்கலாம். நரம்புல பட்டா அசையாமலே கூடப் போகலாம்" என்று டாக்டர் சொல்லச் சொல்ல, மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாராம்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எல்லாம் ஆனாலும் அழுத மூஞ்சி போய்டுமா டாக்டர்?"

"புருவம் மேல ஏறும்மா. அதுக்கு மேல நான் வாக்கு குடுக்க முடியாது."

"அது போதும்."

ஆபரேஷன் முடிந்து பார்க்கப் போனேன். தலையில் கட்டு. கண் இரண்டும் பூரி போல உப்பி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. "அழகா கீறனாடி?" என்றார் உள்ளேயிருந்து. தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும், குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. மாமா அதை அரசாங்க உத்தரவாக எடுத்துக்கொண்டார். இமை சரியாக மூடாததால் வேளை தவறாமல் கண்ணில் சொட்டு மருந்து விட்டார். துணியில் ஐஸ் கட்டி ஒத்தடம் கொடுத்தார். அக்கா குனியக் கூடாது என்பதால் வாசலில் கோலமும் அவரே போட்டார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

"இன்னா அண்ணாத்த, ரோடு மேப்பா?"

"ஆமாண்டா, உங்க வூட்டுக்கு வழி போட்டுகினு கீறேன்" என்று குந்தியபடியே பதில் சொன்னார் மாமா.

வீக்கம் வடிவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். முகூர்த்தம் பொறுக்குமா? திருப்போரூர் மண்டபத்தில், பட்டுப்புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக அக்கா முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அப்போது ஊரெங்கும் கண்ணோவு. மாப்பிள்ளையின் அத்தை ஒரு கத்து கத்தினார்: "ஐயையோ, மெட்ராஸ் ஐ!"

அவ்வளவுதான். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று கூட்டம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது. குழந்தைகளின் கண்ணைப் பொத்தினார்கள். தங்கச்சி வந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பந்திக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவரைத் தேடிப் போனேன்.

"கண்ணாடிய கழட்டினா பேயி, மாட்டினா நோயி. நான் இன்னாதான்டி பண்றது?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீக்கம் வடிந்தபோது வலது புருவம் ஒழுங்காக உட்கார்ந்தது. இடது புருவம் மட்டும் மேலேயே நின்றுவிட்டது, அசையவும் இல்லை. யார் எது சொன்னாலும் 'அப்படியா? நம்பச் சொல்றியா?' என்று கேட்கிற மாதிரி இருக்கும். ஆபீஸில் பொய் சொல்ல முடியாத நிலைமை வந்தது. வயிற்றுவலி என்று லீவு லெட்டர் கொடுத்த சூப்பிரண்டு, அந்தப் புருவத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரிம்மா, கோவளத்துல மச்சினன் வந்திருக்கான், மீன் சாப்பிடப் போறேன்" என்று ஒப்புக்கொண்டார். அக்கா வாயே திறக்கவில்லை.

மரத்துப்போன நெற்றியும் சரியாகவே இல்லை. பொட்டு வைத்தால் எங்கே வைத்தோம் என்று விரலுக்குத்தான் தெரியும், நெற்றிக்குத் தெரியாது. காலையில் மாமாதான் பார்த்து நேராக்கி அனுப்புவார். ஆனாலும் அழுத முகம் போயிருந்தது. ஒரு கிரகப்பிரவேசத்தில் அக்காவை முன்னால் கூப்பிட்டுப் பால் காய்ச்சச் சொன்னார்கள். அந்தப் பால் பொங்கியதை அக்கா ஒரு வாரம் ஆபீஸில் பொங்க வைத்தார்.

அந்த வருஷமே, விடுதி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்த மாமா எழுந்திருக்கவில்லை.

வேன் பிடித்துப் போனோம். இறங்கியதும் எல்லோரும் அப்படியே நின்றோம். முன்னால் போக ஆளில்லை. எப்படி உள்ளே போவது, என்ன செய்வது, ஒருவருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் நான்தான் முதலில் போனேன்.

மாமாவின் தலைமாட்டில் அக்கா உட்கார்ந்திருந்தார். இழுத்துத் தைத்த நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. புருவம் மேலேயே நின்றது. "புருஷன் போயிட்டான், இது இன்னா அதிசயமா பாத்துகினு கீது?" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். ஊருக்கெல்லாம் அழுத முகம், சொந்த வீட்டு எழவுக்கு வரவில்லை. நான் அவரைக் கட்டிக்கொண்டு வாய்விட்டுக் கதறினேன்.

"அழுவுடி. எனக்கும் சேத்து அழுவு" என்றார் காதோரமாக.

காரியம் முடிந்து பார்க்கப் போனபோது நெற்றி வெறுமையாக இருந்தது. "பொட்ட அழிச்சாளுங்க. அழிச்சதே தெரியலடி எனக்கு" என்றார். இன்றுவரை அந்த வாக்கியத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு நல்ல காரியங்களில் அக்காவை முன்னால் கூப்பிடுவது மறுபடி நின்றது. இந்த முறை முகம் காரணமில்லை. எந்த டாக்டராலும் தூக்கித் தைக்க முடியாத காரணம்.

அடுத்த வருஷம் எனக்கு வளைகாப்பு. அக்கா வந்தார். வந்த கையோடு சமையல்காரரோடு போய் நின்றுகொண்டு புளிசாதத்துக்கு உப்புப் பார்த்தார். கூடத்தில் ஒவ்வொருவராக எனக்கு வளையல் போட வந்தார்கள். நான் கையை நீட்டாமல், "அக்கா, இங்க வாங்க" என்றேன்.

"அறிவு கீதாடி உனக்கு? நான் போடக் கூடாது."

"நீங்க போடலன்னா நான் யாருக்கும் கை நீட்ட மாட்டேன்."

என் மாமியார் என்னைப் பார்த்தார், அம்மா தரையைப் பார்த்தார். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். முதல் வளையலைப் போட்டுவிட்டு என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தம்மா ஏன் இப்படி புருவத்தத் தூக்கி மொறைச்சுப் பாக்குறாங்க?" என்று என் நாத்தனார் கிசுகிசுத்தாள். அக்கா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும்.