எண்பத்திரண்டாம் வருஷத்து வால்பர்கா

"இவரும் வால்பர்காதான்" என்று மார்லீன் சொன்னதும், வெண்டல் குரோட்டின் கையிலிருந்த தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, முட்டைக்கோஸ் சாலட் மொத்தமும் முன்னால் நின்றவரின் காலணிமேல் இறங்கியது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கோயிலின் கீழ்த்தளத்தில் வறுத்த மீனுக்கு வரிசை. முன்னால் நின்றவர் கிளைட் ஹோல்ஷர். அவர் காலணியைப் பார்க்கவில்லை. வெண்டலைத்தான் பார்த்தார்.

பேச்சை ஆரம்பித்தது கிளைடின் மனைவி டோரிஸ். எங்கள் செயின்ட் லூயிஸில் புதிதாக யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. உயர்நிலைப் பள்ளி எங்கே படித்தீர்கள்? பதிலைச் சொன்னால் போதும். எந்தத் தெரு, எந்தக் கோயில், அப்பாவுக்கு என்ன உத்தியோகம், பெண் கொடுக்கலாமா கூடாதா, எல்லாம் விளங்கிவிடும். என் பல் மருத்துவர் ஊசி போட்டு மரத்துப்போன வாயிடம் கேட்டார். நானும் எச்சில் ஒழுகப் பதில் சொன்னேன்.

டோரிஸ் கேட்டாள், மார்லீன் தன் பள்ளியின் பெயரைச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் வடக்குப் பக்கம், செயின்ட் வால்பர்கா" என்றாள் டோரிஸ். அதற்குத்தான் மார்லீன் தன் கணவரை முன்னால் தள்ளிவிட்டாள்.

வெண்டல் அந்தப் பள்ளியின் படியைக்கூட மிதித்ததில்லை. மாநிலத்தின் தென்கோடியில், பருத்தி விளைகிற ஊரில், அப்பாவுக்கு முதுகு போனதும் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பஞ்சாலைக்குப் போனவர் அவர். இருபது வயதில் இந்த நகரத்துக்கு வந்தார். மார்லீனின் வீட்டில் முதல் முறை சாப்பிட உட்கார்ந்தபோது, அவளுடைய அப்பா பன்றி இறைச்சியை அறுத்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார். வெண்டல் வேலைக்குப் போகிற பேருந்துத் தடத்தில், ஜன்னல்களுக்குப் பலகை அடித்த பள்ளிக்கூடம் ஒன்று தினமும் கண்ணில் படும். மூடிய பள்ளி. போய் விசாரிக்க அங்கே ஆள் கிடையாது.

"செயின்ட் வால்பர்கா" என்றார்.

மாமனார் அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். வடக்குப் பக்கம் எது எப்போது மூடியது என்று தெற்குப் பக்கத்துக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அந்தத் துண்டில் தொடங்கிய கல்யாணத்துக்கு இப்போது முப்பத்தைந்து வயது. மார்லீனோ பொய் பொறுக்காதவள். சொந்தத் தங்கை வயதைக் குறைத்துச் சொன்னாள் என்று இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டு வாசலை மிதிக்காதவள்.

"எந்த வருஷம்?" என்று கேட்டார் கிளைட்.

"எண்பத்திரண்டு" என்றார் வெண்டல், வயதைக் கணக்குப் போட்டு.

கிளைட் மீன் தட்டைப் பார்த்தார். டோரிஸ் கிளைடைப் பார்த்தாள்.

"நானும்தான்" என்றார் கிளைட்.

"அப்ப ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரிஞ்சிருக்கணுமே" என்றாள் டோரிஸ்.

"தெரியாம என்ன? தலையில முடி இல்லாததால சட்டுனு பிடிபடல" என்றார் கிளைட்.

"நீயும் அப்ப ஒல்லியா இருந்தே" என்றார் வெண்டல். சொல்லிய பிறகுதான் தன் துணிச்சல் அவருக்கே பயமாக இருந்தது.

தட்டுகளோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மீதியிருந்த சாலட்டும் போயிற்று.

மேஜையில் உட்கார்ந்ததும் கிளைட் ஆரம்பித்தார். "அந்த உயிரியல் வாத்தியார், கட்டைக்கால்காரர். ஞாபகம் இருக்கா?"

"கோபம் வந்தா அந்தக் காலால தரையைத் தட்டுவாரே" என்றார் வெண்டல்.

கிளைட் முள்கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "ஆமா. தட்டுவார்."

மார்லீனுக்குக் கண் பனித்தது. "இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் பள்ளிக்கூடத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை டோரிஸ். எங்க செட்டு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கூடுறோம். பாவம், இவங்களுக்கு நடத்த ஆளே இல்லை."

"நாம நடத்துவோம். நாப்பதாவது வருஷம் வேற" என்றாள் டோரிஸ்.

இரண்டு கணவர்களும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

காரில் வெண்டல் முதல் அணையைக் கட்டினார். "இடம் கிடைக்காது மார்லீன். எங்க மண்டபத்துல சனிக்கிழமை எல்லாம் கல்யாணம்." பழைய பீர் ஆலை ஒன்றைக் கல்யாண மண்டபமாக மாற்றியிருந்தார்கள். அதன் மேலாளர் வெண்டல்தான்.

மார்லீன் நேராக முதலாளிக்கே போன் போட்டாள். ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை காலி என்றார் அவர். "என் மச்சானும் வால்பர்காதாம்மா. வாடகையே வேண்டாம்."

"வர ஆள் இருக்காது. எல்லாரும் அரிசோனா பக்கம் போயிட்டாங்க" என்றார் வெண்டல்.

மார்லீன் வட்டாரத்துக்காரர்களின் இணையப் பக்கத்தில் ஒரு வரி எழுதினாள். காலையில் பார்த்தால் பதில்கள் கொட்டிக் கிடந்தன. பெரும்பாலும் மனைவிகளும் மகள்களும் எழுதியவை. அப்பாவும் எண்பத்திரண்டுதான், கட்டாயம் அழைத்து வருகிறோம். வெண்டல் மலைத்துப்போனார். எவ்வளவு பெரிய வகுப்பறை கட்டியிருந்தார்கள்?

பழைய ஆண்டுமலர் கிடைத்தால் நான்கு பெயர்களையாவது மனப்பாடம் செய்யலாம் என்று நூலகத்துக்குப் போனார்.

"நீங்களும் வால்பர்காவா?" என்றாள் அங்கே இருந்த பெண், சலிப்போடு. "இந்த வாரம் முழுக்க இதே கேள்விதான். எங்ககிட்ட இல்லை சார்."

அங்கே நிஜமாகவே படித்தவர்கள் பழைய நினைவில் வந்து தேடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அரட்டை அடித்தால் மாட்டிக்கொள்வோம். பேசவே முடியாதபடி ஏதாவது செய்ய வேண்டும்.

"இறந்துபோன தோழர்களுக்கு அஞ்சலி மாதிரி வச்சா என்ன?" என்றார் மார்லீனிடம். "மெழுகுவத்தி, மௌனம். ஆட்டம் பாட்டமெல்லாம் வேண்டாம்."

"யாரு இறந்தது?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை. "ரேமண்ட்" என்றார். "ரேமண்ட் டெப். மெரமெக் ஆத்துல போயிட்டான். கடைசி வருஷம்."

மார்லீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதனாலதான் நீ பேசினதே இல்லையா? உன் நண்பனா?"

"நெருங்கின நண்பன்" என்றார் வெண்டல். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பியது. சுவரில் 'வால்பர்கா 1982' என்று பெரிய துணி. மெழுகுவத்திகளுக்கு நடுவே, படம் கிடைக்காததால், ஒரு வெற்றுச் சட்டகம். ஆண்களும் பெண்களும் இருண்ட நிறத்தில் கோட்டும் கவுனும் போட்டுக்கொண்டு ஓரம் ஓரமாக நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது எல்லோரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். இவ்வளவு அடக்கமான கூட்டத்தை வெண்டல் சாவு வீடுகளில்கூடக் கண்டதில்லை.

மார்லீன் மைக்கை அவர் கையில் திணித்தாள்.

"ரேமண்ட் நல்ல பையன்" என்றார் வெண்டல். மேற்கொண்டு தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரிய உருவம் எழுந்தது. முதலாளியின் மச்சான். "குளிர் நாள்ல எனக்குத் தன் கோட்டைக் குடுத்தான்" என்றார்.

"கணக்குல எனக்கு உதவி பண்ணுவான்" என்றாள் ஒரு பெண்.

"ஆத்துக்கு என்னையும் கூப்பிட்டான். நான் போகல" என்று கிளைட் கைக்குட்டையை எடுத்தார்.

வெண்டல் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இது நம்ம ஊர் மரியாதை. செத்த பையனை எனக்குத் தெரியாது என்று சொல்லி யாரும் யார் மனசையும் புண்படுத்த மாட்டார்கள். ஆனால் பேசப்பேச அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அப்படி ஒரு பையன் உண்மையிலேயே இருந்து தொலைத்திருப்பானோ?

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ரேமண்ட் சாப்பாட்டைப் பங்கிட்டான். திக்கிப் பேசிய பையனை யாரும் கேலி பண்ண விடமாட்டான். பள்ளி நாடகத்தில் வசனம் மறந்தவளுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தான். எல்லோருக்கும் ஒரு தோழன் எப்படி இருந்திருக்க வேண்டுமோ, ரேமண்ட் அப்படி இருந்தான்.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இதே மண்டபத்தில், மாலை வகுப்பில் படித்துத் தேறிய பெரியவர்களுக்குப் பட்டமளிப்பு நடக்கும். நாற்காலி போடுவது வெண்டல்தான். போட்டுவிட்டுக் கதவோரம் நின்று கை தட்டுவார். தானும் சேர வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்ததுண்டு. சேர்ந்தால் மார்லீனிடம் எதற்கென்று சொல்வது? இன்றுதான் முதல் தடவையாக ஒரு வகுப்போடு உட்கார்ந்திருந்தார். இல்லாத பையனுக்காக நிஜமாகவே அழுதார். சட்டைப்பையில் கைக்குட்டை இல்லை. கிளைட் தன்னுடையதை நீட்டினார்.

"இன்னொரு விஷயம்" என்று டோரிஸ் எழுந்து நின்றாள், பூரிப்போடு. "கன்னியாஸ்திரிகள் இல்லத்துல தேடிக் கண்டுபிடிச்சோம். உங்க கடைசித் தலைமையாசிரியை. தொண்ணூத்தி மூணு வயசு. படிச்ச ஒவ்வொரு பிள்ளையையும் முகம் பார்த்தே சொல்லிடுவாங்களாம்."

கூட்டத்தில் பாதிப்பேருக்கு உடனே சிகரெட் நினைவு வந்தது. கோட்டு மாட்டும் அறைப் பக்கம் நெரிசல். அதற்குள் கதவு திறந்துவிட்டது. சிஸ்டர் பெர்னார்டா ஊன்றுகோலோடு வாசலை அடைத்து நின்றார். வேறு வழி கிடையாது. எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

சிஸ்டர் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். யாரும் நிமிரவில்லை. வெண்டல் மார்லீனின் கையைத் தேடிப் பிடித்தார், கடைசி முறை என்பதுபோல.

"சாப்பிடலாமே" என்றார் சிஸ்டர்.

மாவுக்குள் இறைச்சி வைத்துப் பொரித்த ராவியோலி வந்தது. வெண்ணெய் கேக் வந்தது. கிளைட் யாரையோ தோளில் தட்டி அடுத்த வருஷமும் கூடுவோம் என்றார். கேட்டவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். பேச்சு மெல்லச் சத்தமாகி, சத்தம் சிரிப்பாகி, கட்டைக்கால் வாத்தியாரைப்போல யாரோ நடந்து காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மார்லீன் காபி எடுக்கப் போனாள். சிஸ்டர் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டி வெண்டலைக் கூப்பிட்டார்.

"அஞ்சலி ஏற்பாடு உன்னோடதாமே தம்பி?"

"ஆமா சிஸ்டர்." வெண்டல் கேக் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், கேக்கைச் சாப்பிடு." சிஸ்டர் சுவரிலிருந்த துணியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார். "எழுபத்தெட்டுலயே பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாவியை நான்தான் பிஷப் கையில குடுத்தேன், ஆனா அது நடந்த காலத்துல இவ்வளவு ஒத்துமையான ஒரு வகுப்பு எனக்கு வாய்க்கவே இல்லை."