நெஞ்சு இரும்பை உறிஞ்சிய அரங்கநாத சாமி

சனிக்கிழமை காலையில் தியாகதுருகம் பஸ்ஸில் பாதிப் பேர் ஒரே இடத்தில் இறங்குவார்கள். அரங்கநாத சாமி கொட்டகை. குழந்தை தொண்டையில் சிக்கியதை உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பவர்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. சாமி தொழிலை விரிவுபடுத்தியவர். வெல்டர்கள் நெஞ்சில் புகையாகப் போன இரும்பைப் பித்தளைக் குழாய் வைத்து உறிஞ்சித் தட்டில் துப்புவார். டங், டங் என்று குண்டு குண்டாக விழும். புகையாகப் போனது குண்டாகத் திரும்பியது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. சத்தம் அவ்வளவு திருப்தியாக இருந்தது.

"மாஸ்க் போடாதப்பா. போட்டா இரும்பு அரைகொறையா உள்ள போவும், எடுக்க வராது." இது சாமியின் மருத்துவ ஆலோசனை.

பட்டறை முதலாளி தீனதயாளனுக்குப் பரம சந்தோஷம். புகை இழுக்கும் ஃபேன் மாட்டச் சொல்லி நச்சரித்த ஆட்களை வேனில் ஏற்றிச் சாமியிடம் அனுப்பிவிட்டார். ஃபேனைவிட பக்தி மலிவு.

அந்தப் பட்டறையில் சிவசங்கரும் அவன் மனைவி கண்ணகியும் வெல்டர்கள். கண்ணகி ஐ.டி.ஐ.யில் படித்தவள்; மாஸ்க் இல்லாமல் வேலை செய்யமாட்டாள். சிவசங்கர் மூடிய ஷெட்டுக்குள் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வெல்டிங் சுடுவான். மேல்பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். சாயங்காலம் குளிர்க்காய்ச்சல். மறுநாள் சரியாகிவிடும்.

"பாத்தியா, சாமி கை வெச்சதும் எறங்கிச்சு" என்பான் கண்ணகியிடம்.

"போன மாசம் சாமி ஊர்லயே இல்லீங்க. அப்பவும் மறுநாளு எறங்குச்சே? அந்தப் புகைக் காய்ச்சலு தானா எறங்கிடும். நெஞ்சு இன்னா ஆவும்?"

முப்பத்தோரு வயதுக்காரன் நாலு படி ஏற இரண்டு முறை நின்றான். கண்ணகிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அந்தச் சனிக்கிழமை அவளும் வேனில் ஏறினாள். சிவசங்கரின் நெஞ்சில் வைக்கச் சாமி குழாயை எடுத்தார்.

"சாமி, ஒருவாட்டி வாய் கொப்பளிச்சிட்டு ஆரம்பிங்க."

"வாய்ல மந்திரம் இருக்கும்மா."

"இருக்கட்டும், அத நா ஒண்ணும் பண்ண மாட்டேன்." பட்டறையிலிருந்து கொண்டுவந்த பீரோ கதவுக் காந்தத்தைச் சாமியின் கன்னத்தில் வைத்துக் கையை எடுத்தாள். காந்தம் விழவில்லை.

"நம்ம இரும்பையெல்லாம் உறிஞ்சி உறிஞ்சி சாமி ஒடம்பே இரும்பாயிடுச்சு பாரு!" என்று ஒரு பக்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரர இன்னும் தொடவேயில்லயே. அப்ப வாய்ல இருக்கறது யாரு இரும்பு?"

சாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதினோரு குண்டு விழுந்தது. வெல்டிங் வைக்கும்போது தெறித்துத் தரையில் உருள்கிற குண்டுகள். தினம் அதைப் பெருக்கித் தள்ளும் ஆட்களுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? பக்தர்கள் எழுந்து நிற்பதற்குள் சாமி பின்வழியாகப் போய்விட்டார்.

தீனதயாளனுக்குத்தான் கவலை. "அப்ப நெஞ்சுல இருக்கறத எப்படித்தான் எடுக்கறது?"

"உள்ள போவாம பாக்கணும் மொதலாளி. ஃபேன் மாட்டுங்க. பைப்பு மேல்பூச்சத் தேச்சி எடுத்துட்டு வெளிய வெச்சி சுடலாம். நல்ல மாஸ்க் வாங்கிக் குடுங்க, கர்ச்சீப்பு பத்தாது."

ஆட்களை அனுப்பிவைக்க இனிச் சாமியும் இல்லை; ஃபேன் மாட்டியாயிற்று. சிவசங்கர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டான். "நெஞ்சு கொஞ்சம் கெட்டது கெட்டதுதான். இனிமே கெடாம பாத்துக்குங்க" என்றார் டாக்டர். அவன் இப்போது மாஸ்க்கோடுதான் வேலை செய்கிறான்.

சாமி நலம். திருக்கோவிலூர்ப் பக்கம் அரிசி மில் ஆட்களின் நெஞ்சிலிருந்து தவிடு உறிஞ்சுகிறாராம். கூட்டம் ஜாஸ்தியாம். தவிடு காந்தத்தில் ஒட்டாது. அங்கே இருப்பவர்கள் தலையைத்தான் உபயோகிக்க வேண்டும்.