சந்தவாசலில் நிற்காமல் போன கார்

மதிப்பிற்குரிய சம்பந்தி ராஜாக்கண்ணு அவர்களின் சமூகத்திற்கு,

வேலூரிலிருந்து ஆதிநாராயணன் எழுதிக்கொள்வது. என் இடுப்பு நீங்கலாக இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாள் திரௌபதி அவர்களும், தங்கள் மகன் சக்திவேலும், உரக்கடையும் நலமாக இருக்கப் படவேட்டு அம்மனை வேண்டுகிறேன். தாங்கள் என் போனை எடுப்பதில்லை என்பதாலும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'அண்டா நல்லா இருக்குதா?' என்று ஒரே ஒரு வரி போட்டுவிட்டு வெளியேறிவிட்டீர்கள் என்பதாலும், தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இந்த விளக்கத்தை அளிக்கிறேன்.

போன சனிக்கிழமை காலை, என் மகன் சுரேஷ், தங்கள் மகள் ஷோபனா, நம் பேத்தி சுவேதா, பேரன் சின்னவன், நான், என் சம்சாரம் சகுந்தலா ஆகியோர் ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்குவதற்காகக் காரில் கிளம்பியது உண்மை. வீட்டில் கட்டில், மெத்தை, ஃபேன் எல்லாம் இருக்கும்போது தரையில் படுப்பதற்கு எதற்காக மலை ஏற வேண்டும் என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்ட வேண்டும் என்று பதில் வந்தது. அமிர்தி வழியாகப் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. ரோடு நன்றாக இருக்கிறதென்று சுரேஷ் கண்ணமங்கலம் வழியாக விட்டான். சந்தவாசல் நெருங்கும்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பெண் எடுத்த வீட்டு வாசலில் இறங்காமல் போகக் கூடாது; இறங்கினால் காபி, காபிக்கு மேல் டிபன், டிபன் முடிவதற்குள் சம்பந்தியம்மாள் கோழி அடித்துவிடுவார், அவர் கைக் கோழியைச் சாப்பிட்டவன் அன்றைக்கு மலை ஏற மாட்டான். ஆகவே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு தங்கள் கடையைக் கடந்துவிடுவது என்று முடிவாயிற்று. தங்கள் மகளே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் பிள்ளைகளைக் குளிப்பாட்ட வெந்நீர் போட வேண்டுமே என்று சகுந்தலா எடுத்து வந்த அண்டா, உள்ளே இடமில்லாததால் காரின் தலையில் கட்டியிருந்தது. அது கல்யாணச் சீரில் தாங்கள் வைத்த அண்டா. 'அன்பளிப்பு: ராஜாக்கண்ணு - திரௌபதி, சந்தவாசல்' என்று பெயர் வெட்டிய பக்கம் சரியாகத் தங்கள் கடையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நாங்கள் குனிந்து போனோம். தங்கள் பெயர் நிமிர்ந்து போயிற்று.

தப்புதான். இதற்காகத் தாங்கள், வருகிற வெள்ளிக்கிழமை படவேட்டில் சின்னவனுக்கு வைத்திருக்கும் காதுகுத்துக்கு சக்திவேலை அனுப்பப்போவதில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதாகக் கேள்வி. தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? பத்திரிகை கொடுத்தாயிற்று. ஷோபனா சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் பசியில்லை என்கிறாள். அதைப் பார்க்க எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். ஆகவே, செய்த தப்புக்குத் தண்டனை மலையிலேயே கிடைத்துவிட்டது என்பதைத் தங்கள் பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன்.

சுரேஷ் யூடியூபைப் பார்த்துத்தான் கூடாரம் கட்டினான், பாதியில் சிக்னல் போய்விட்டது, மீதியை அவனே யோசித்துக் கட்டினான், அவன் யோசிப்பது எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும், இதற்கு நடுவே இட்லி மாவு காரிலேயே பொங்கி டிக்கி முழுக்க வழிந்து, குளிக்கப் போட்ட வெந்நீர் அதைக் கழுவவே சரியாகப் போயிற்று, இயற்கையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போன சுவேதா சில்வண்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அதை ஆஃப் பண்ணச் சொல்லி அழ ஆரம்பித்தாள், அவளைப் பார்த்துச் சின்னவனும் ஆரம்பித்தான். அவனுக்குத் தூளியில் போட்டால்தான் தூக்கம். சகுந்தலா ஒரு புடவையை எடுத்துக் கூடாரத்துக் கம்பியிலேயே தூளி கட்டினாள். வேண்டாம் என்றேன். "வூட்ல உத்தரத்துல கட்டல? இது மட்டும் இன்னாவாம்?" என்றாள். ரெண்டு ஆட்டு ஆட்டியிருப்பாள், கூடாரம் மொத்தமாக எங்கள் மேல் உட்கார்ந்துவிட்டது. துணிக்குள்ளே எது யார் கால், எது யார் தலை என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தோம். பையன் மட்டும் அதற்குள் தூங்கிப்போயிருந்தான். அப்புறம் மற்றவர்கள் காருக்குள் முடங்கிக்கொள்ள, கால் நீட்டினால்தான் தூக்கம் வரும் என்று சகுந்தலா வெளியே பாய் போட்டாள், போட்ட இடம் செவ்வெறும்புப் புற்று. விடிந்ததும், அங்கே வருகிறவர்களுக்கென்று துணியால் அமைத்திருந்த கழிப்பிடத்துக்குள் போனேன், அதன் வாசல் ஜிப் சிக்கிக்கொண்டது. தாசில்தாரிடமே குரலை உயர்த்தாதவன், பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்லி மலையே கேட்கிற மாதிரி கத்தினேன். அவன் பக்கத்துக் கூடாரத்துக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து, கத்தரிக்கோலால் வெட்டி என்னை வெளியே எடுத்தான். அவர்கள் கை வேறு தட்டினார்கள்.

இதற்கு மேலும் ஒரு தண்டனை வேண்டுமா என்று தாங்களே சொல்லுங்கள். எனக்கு ஆயுசுக்கும் இது போதும், இனி அந்த மலைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். பெரிய மனசு பண்ணி சக்திவேலை அனுப்பிவையுங்கள். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கமும், சக்திவேலுக்குக் கூடிய சீக்கிரம் நல்ல இடத்தில் பெண் அமைய எங்கள் ஆசியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தலை குனிந்து போனவர்களில் மூத்தவன்,
ஆதிநாராயணன்

பி.கு.: இதை உறையில் போடும்போது சம்பந்தியம்மாள் சகுந்தலாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "எறங்காம போனீங்கன்னு அவருக்கு கோவம் இல்லக்கா. பொறந்ததுல இருந்து அந்த மலைய கீழ இருந்தே பாத்துனுகீறாரு, ஒரு ராத்திரி மேல தங்குனது கெடையாது. எங்களயும் கூட்டினு போலாம்னு ஒருத்தருக்கும் தோணலியேன்னுதான் கடையில மூஞ்ச தூக்கி வச்சினு குந்திகினுகீறாரு" என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை, சம்பந்தி. கேட்டதிலிருந்து வருத்தமாக இருக்கிறது. சுரேஷிடம் சொன்னேன், உடனே பெரிய கூடாரமாகச் சொல்லி வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை சக்திவேல் மடியில் காதுகுத்து, மறுநாள் தாங்களும் சம்பந்தியம்மாளும் எங்களோடு மலைக்கு வருகிறீர்கள். ஆகவே மேலே தண்டனை என்று நான் விவரித்த பத்தி முழுவதும் இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. எழுதிய தாளைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன். மலை அருமையான இடம். கூடாரம் விழவில்லை, கொஞ்சம் சாய்ந்தது. கழிப்பிடம் நல்ல காற்றோட்டமானது. எறும்பு விஷயத்தை மட்டும் சம்பந்தியம்மாளிடம் மூச்சு விட வேண்டாம் என்று சகுந்தலா சொல்கிறாள். அவர் வராமல் போய்விட்டால் அந்தப் பாயில் இவள் மறுபடியும் தனியாகப் படுக்க வேண்டுமாம்.