செவ்வாய்க்கிழமைப் பஞ்சு

"வாப்பா, உம்மாவுக்கு ரத்தம் குடுத்த மாமா பேரு என்ன?"

ஆறு வயதில் அப்ஸானா கேட்ட கேள்வி. செய்கு அலாவுதீனுக்கே அது தெரியாது. அவள் பிறந்தபோது மனைவி ஷஹீராவுக்கு ஏற்றிய ரத்தம், துபாயில் முகம் தெரியாத யாரோ கொடுத்தது. பதிலுக்குத் தானும் ஒரு முறை கொடுத்துவிட வேண்டும் என்று நிய்யத் வைத்திருந்தார். அதற்குள் சர்க்கரை வந்து, பின்னாலேயே இன்சுலினும் வந்து, ரத்தம் கொடுக்க வழியில்லாமல் போனது.

இப்போது அவளுக்குப் பத்து வயது. ஊரெல்லாம் மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த அந்த வருடத்தில், அலாவுதீனுக்குப் பாதம் நெருப்பாய் எரிந்தது. பர் துபாய் டாக்டர், வாரம் ஒரு முறை ஆன்டி-ஆக்ஸிடன்ட் டிரிப் ஏற்றலாம் என்றார்.

"சர்க்கரை இறங்கிடுமா டாக்டர்?"

"இறங்காது. ஊசி, மாத்திரை, பத்தியம் எல்லாம் அப்படியே இருக்கணும். இது நரம்புக்கு ஒரு துணைதான். சிலருக்கு எரிச்சல் குறையும். பார்ப்போம்."

செவ்வாய்க்கிழமை டிரிப் முடித்து, கையில் ஒட்டிய பஞ்சோடு அல் கூஸ் கிடங்குக்கு வந்தார். இத்தனை வருடத்தில் ஒரு நாள் சிக் லீவு போடாத கணக்கர் அவர். நோயாளி என்று யாரும் பார்த்துவிடக் கூடாது.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சோலைமுத்து பார்த்துவிட்டான். "கையில என்ன பாய்?"

அலாவுதீன் வாய் திறக்குமுன் மேனேஜர் கல்யாணசுந்தரம் குறுக்கே வந்தார். "ரத்தம் கொடுத்துட்டு வந்திருப்பார். நீ போய் வேலையைப் பாருப்பா."

அலாவுதீன் பொய் சொல்லவில்லை. சும்மா நின்றார், அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் அவர் மேசையில் பேரீச்சம்பழம், மாதுளை ஜூஸ், யாரோ வாங்கிவந்த அல்வா.

"ரத்தம் போன உடம்பு பாய். தின்னுங்க."

எல்லாரும் சுற்றி நின்று அவர் வாயையே பார்த்தார்கள். அலாவுதீன் ஒரு பழத்தை எடுத்து, ஓதுவதுபோல உதட்டை அசைத்து நேரத்தைக் கடத்தினார்.

கல்யாணசுந்தரம் வந்து தட்டைத் தூக்கினார். "ஆபீஸ்ல திங்கிற பொருள் வைக்காதீங்க. எறும்பு வரும்."

"கஞ்சப்பய," என்று சோலைமுத்து முணுமுணுத்தான்.

அடுத்த செவ்வாயும் பஞ்சு.

"போன வாரந்தானே குடுத்தீங்க பாய்?"

"டாக்டர் வாரா வாரம் வரச் சொல்லியிருக்கார்," என்றார் அலாவுதீன். இதுவும் பொய் இல்லை.

அவ்வளவு போதுமாக இருந்தது. பாயுடையது அபூர்வ குரூப்பு என்றும், வாரா வாரம் யாரோ பெரிய அரபி வீட்டுக்குப் போகிறது என்றும் கேம்ப் முடிவு கட்டியது. அல்வா கிலோக்கணக்கில் வந்தது. எறும்பைச் சொல்லிச் சொல்லியே கல்யாணசுந்தரம் அத்தனையையும் எடுத்துப்போனார்.

செய்தி வீட்டையும் எட்டியது. அப்ஸானா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "வாப்பா, யூ ஆர் எ ஹீரோ. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"மச்சான், புள்ளைகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் ஷஹீரா.

"சொல்றேன், சொல்றேன்." மகளின் கண்ணில் இருந்த பெருமையைப் பார்த்ததும் அதை நாளைக்குத் தள்ளிப்போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பாயைப் பார்த்துத் தாங்களும் கொடுப்பதாகக் கேம்ப் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அசர் தொழுகை முடிந்ததும் கிடங்கு வாசலுக்கு ரத்த வங்கி வேன் வந்தது. முதல் ஆளாக அலாவுதீன் படுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்ஸானா கேமராவோடு நின்றாள்.

மேசையில் இருந்த மலையாள நர்ஸ் கேட்டாள்: "சுகர் உண்டா? இன்சுலின்?"

அலாவுதீன் திரும்பி மகளைப் பார்த்தார். "வாப்பாவுக்குத் தண்ணி கொண்டு வாம்மா."

அவள் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். "இருக்கு சிஸ்டர். நான் ஒரு சொட்டும் குடுத்ததில்ல. வாரா வாரம் எனக்குத்தான் டிரிப் ஏத்துறாங்க. இங்க யாருக்கும் தெரியாது. ராத்திரி புள்ளைகிட்ட நானே சொல்லிடுறேன். இப்ப என்னைத் திருப்பி அனுப்பிடுங்க."

நர்ஸ் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கிடங்கின் கடைசிச் சுவர் வரை ஆட்கள் நின்றார்கள். சோலைமுத்து கண்ணை இறுக மூடியிருந்தான். அவனுக்கு ஊசி என்றால் பயம்.

"இவரெல்லாம் ஆரைக் கண்டு வந்தது?"

அலாவுதீன் தலைகுனிந்தார்.

"அப்ப நீங்க குடுத்தது குறைவில்ல. அந்தத் திரைக்குப் பின்னால கொஞ்ச நேரம் இருங்க. ஏற்கனவே ஒரு ஆள் உண்டு."

திரையை விலக்கினார். உள்ளே, மடியில் லட்டுத் தட்டோடு கல்யாணசுந்தரம் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டையை முதன்முறையாக மடித்துவிட்டிருந்தார். முழங்கை மடிப்பில் காய்ந்துபோன பஞ்சு.

"சார், நீங்களுமா?"

"உங்களுக்குச் செவ்வாய், எனக்கு வியாழன். அதே சர்க்கரை, அதே கட்டில்தான் அலாவுதீன்," என்றார் அவர். "இந்தப் பஞ்சைப் பார்த்துட்டு, லட்டைத் தின்னாத்தான் விடுவேன்னு சோலைமுத்து சொல்லிட்டுப் போயிருக்கான்."

வெளியே ஒவ்வொருவராக வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அலாவுதீன் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லத் தட்டை எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"எறும்பு வரும் சார்."