அப்பா வீட்டுக்கு ஓட்டி வந்த வண்டிகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அண்ணியும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அம்மா நலம், நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதச் சொன்னார். சொன்னவர் அப்பா என்பதால் அதை அப்படியே நம்பிவிடாதே.

போனில் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன். நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஓய்வு பெற்ற பிறகும் காலையானால் மொபெட்டை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிடுகிறார். தாவரவியல் துறையில் அவருடைய நாற்காலியில் இப்போது வேறொருவர். நல்ல மனிதர். எழுந்து நின்று வணக்கம் சொல்லி, நூலகம் வரைக்கும் நடந்துட்டு வாங்களேன் சார் என்கிறார். அப்பாவும் நடக்கிறார். அதுவரை தொந்தரவு இல்லை. தொந்தரவு வண்டி நிறுத்துமிடத்தில். அங்கே நிற்பவற்றில் பாதி மொபெட், அதில் பல நம்முடையதைப் போலவே நீலம். அப்பாவின் சாவியோ தேய்ந்து தேய்ந்து எந்த வண்டியில் போட்டாலும் திரும்புகிறது. முதலில் கொண்டுவந்தது நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அம்மாளின் வண்டியை. அதன் பையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்குத்தான் உப்பு சரியா போட்டிருக்கே" என்று அம்மாவைப் பாராட்டினார். அம்மா சாப்பாடே கட்டிக் கொடுக்கவில்லை. யார் சமையல் என்று தெரியும்வரை அவரோடு பேசவும் இல்லை. அடுத்தது தேர்வுத் துறை ஊழியரின் வண்டி. பின்னால் கட்டியிருந்த மூட்டையில் விடைத்தாள்கள். நான் வீடு திரும்பியபோது அப்பா பேனாவும் கையுமாக உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார். பாடம் பொருளாதாரம். எல்லாருக்கும் தேர்ச்சி போட்டிருந்தார். வேலையில் இருந்த காலத்தில் அப்படிச் செய்தவரில்லை.

ஒவ்வொரு தடவையும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், உரியவரிடம் விட்டு, மன்னிப்புக் கேட்டு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சி இப்போது இதுதான். வாசல் காவலாளியிடம், வெளியே போகும் வண்டிக்கெல்லாம் அடையாள வில்லை பார்க்க மாட்டீர்களா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் பாக்கறேன் தம்பி. சாருக்கு மட்டும் எப்படி? அவரு வணக்கம் சொல்றாரு, நான் சல்யூட் அடிக்கறேன், கைய இறக்கறதுக்குள்ள வண்டி வெளிய போயிடுது."

இதுவரை சிரிப்போடு எழுத முடிந்தது.

போன வாரம் மாணவியர் விடுதித் திருப்பத்தில் ஒரு பெண்ணை இடித்துவிட்டார். முழங்கையில் தையல். அவரே அவளைப் பின்னால் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தவர் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் அந்தப் பெண், துறையில் முகவரி கேட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட கையோடு நம் வாசலில் நின்றாள்.

"சார் ரொம்ப நேரமா வரல. வழியில அவருக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

அப்பா எட்டிப் பார்த்தார். "கையில என்னம்மா கட்டு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரை.

"விழுந்துட்டேன் சார்."

"பாத்துப் போகணும்மா. அந்த விடுதிப் பக்கம் கண்டபடி ஓட்டறாங்க."

அவளை அனுப்பிவிட்டுச் சாவியைக் கேட்டேன். "உனக்கு இன்னும் வயசு வரல" என்றார். எனக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. மறுநாள் அம்மா சாவியை ஒளித்து வைத்தாள். அப்பா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் எதைத் தேடுகிறோம் என்பது மறந்துவிட்டது. தேடுவது மட்டும் நிற்கவில்லை. அம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டாள். "அவரு அப்படித் தேடறத என்னால பாக்க முடியலடா."

இன்னொரு தடவை யாரையாவது இடித்தால் போலீஸில் சொல்ல வேண்டியிருக்கும் என்று பாதுகாப்பு அதிகாரி சொல்லிவிட்டார். தப்பில்லை. அடுத்த பெண் எழுந்து நிற்பாளா என்று யார் சொல்ல முடியும்? கேட்டுக் கேட்டு அப்பாவிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது. "பெரியவன் வந்து கேக்கட்டும், குடுக்கறேன்."

அதனால் நீ வா அண்ணா. லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது, தெரியும். ஒரே ஒரு நாள் வந்து அவர் முன்னால் கையை நீட்டு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். குழந்தைக்கு என் முத்தம். அம்மா உங்கள் மூவருக்கும் தன் ஆசியை எழுதச் சொன்னாள். அப்பாவும் சொல்வார், வெளியே போயிருக்கிறார். எந்த வண்டியில் வருவார் என்று பார்க்கலாம்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வந்துவிட்டார். நம் வண்டியில்தான். வாசற்படியில் நின்று என்னையே பார்த்தார். "எப்படா வந்தே? சொல்லவே இல்லையே" என்றார். முகம் அப்படி மலர்ந்து பார்த்து எவ்வளவோ காலமாகிறது. சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "நீயே வெச்சுக்க. சின்னவன் கேப்பான், குடுத்துடாத. எங்கயாவது போய் இடிச்சுக்குவான்." சரிப்பா என்றேன். ஆகவே நீ வர வேண்டாம். நீ வந்தாயிற்று. எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.